எந்த எல்தோ

ஆறிப்போன கஞ்சித்தண்ணீரை ஸ்பூனில் எடுத்து ஊதிக்கொண்டிருந்தாள் ஏலியாம்மா. ஊத வேண்டிய தேவையே இல்லை. அது ஆடை படிந்து அந்தக் கிண்ணத்தில் கிடக்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது. இருந்தும் ஊதினாள், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலில் கிடந்த வர்க்கி வாயைத் திறக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து கூரை ஓட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எல்தோவைக் கூப்பிடு," என்றார்.

"இப்ப எதுக்கு?"

"குளிப்பாட்டட்டும். அவன் போதும்."

"நல்ல ஆளு. இந்த மழையில குளிக்கணுமாக்கும்? ஈரத்துணியால துடைச்சு விடறேன், பேசாம கிடங்க."

வர்க்கிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இத்தனை காலம் கூட இருந்தவள் புரியாதது மாதிரி நடித்தால் சிரிப்பு வராதா? ஆனால் சிரிக்கிற அளவுக்கு மூச்சு இல்லை. "இப்ப இல்லடி," என்றார். "போனப்புறம்."

ஏலியாம்மா ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள்.

வர்க்கியின் குடும்பத்தில் அப்பனின் உடம்பைக் கடைசியாகக் குளிப்பாட்டுவது மகன். வர்க்கி தன் அப்பனைக் குளிப்பாட்டினார், அந்த அப்பன் அவருடைய அப்பனைக் குளிப்பாட்டினார். மகன் இல்லாமல் போனவனை யார் குளிப்பாட்டுவது என்று அந்தக் குடும்பத்தில் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. வர்க்கி மட்டும் படுத்துக்கொண்டே யோசித்து வைத்திருக்கிறார்.

எல்தோ என்றால் எந்த எல்தோ என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். கோதமங்கலம் பக்கத்தில், அங்கே அடக்கமாகியிருக்கிற புனிதர் பெரிய பாவாவின் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்காத வீடு கிடையாது. முக்கில் நின்று எல்தோ என்று கூப்பிட்டால் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவன், டீக்கடையிலிருந்து ஒருவன், முடிவெட்டுகிற நாற்காலியிலிருந்து பாதித் தலையோடு ஒருவன் திரும்பிப் பார்ப்பான். ஏலியாம்மாவின் ஒரே மகனும் எல்தோதான். அன்னாசிப்பழ லோடு ஏற்றிக்கொண்டு குடிபோதையில் வந்து அவனைப் பைக்கோடு அடித்துப் போட்ட பிக்கப் டிரைவரும் எல்தோதான். கோர்ட்டில் வக்கீல்களே குழம்பிப்போய், இறந்த எல்தோ என்றும் ஓட்டிய எல்தோ என்றும் பிரித்துப் பேச வேண்டியிருந்தது.

ஏலியாம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. மகனை வர்க்கி ஒருநாள்கூட எல்தோ என்று கூப்பிட்டதில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கும் ஆதார் கார்டுக்கும் போயிற்று. வீட்டில் அவன் கொச்சு. மீசை முளைத்த பிறகும் கொச்சு. சவப்பெட்டியை மூடியபோது வர்க்கி கூப்பிட்டதும் கொச்சு என்றுதான். அவர் வாயில் எல்தோ என்றால் மற்றவன்.

"அந்த ஒண்ணு மட்டும் என்னால முடியாது," என்றாள் ஏலியாம்மா.

"முடியலைன்னா வேண்டாம், ஏலி," என்றார் வர்க்கி.

இந்தக் குணம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. அதட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? எரிச்சலோடு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்போது கர்க்கடக மாதத்து மழை ஓட்டின் மேல் மொத்தமாக வந்து கொட்டியது. அது ஓய்ந்து அவள் திரும்பி வந்தபோது வர்க்கியின் மூச்சும் ஓய்ந்திருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்துவிட்டு, வேலியோரம் போய் அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

முதலில் ஓடி வந்தது வர்க்கியின் தம்பி பத்ரோஸ். அவர் அண்ணனின் தாடையைத் துணியால் கட்டினார், கால் விரல்களைச் சேர்த்துக் கட்டினார், பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே பக்கத்து வீட்டுச் சோசம்மா வந்தாள். சோசம்மா வந்தால் அழுகைக்குக் குறைவிருக்காது. சர்ச் மணி துக்கத்துக்கு அடிக்க ஆரம்பித்ததும் குடைகள் ஒவ்வொன்றாக வாசலில் விரிந்தபடி வந்து மடங்கின.

"கடைசியா ஏதாவது சொன்னாரா சேட்டத்தி?" என்று கேட்டார் பத்ரோஸ்.

எல்லோரும் ஏலியாம்மாவைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் செத்த வீட்டில், அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"எல்தோவைக் கூப்பிடுன்னாரு," என்றாள்.

மீதிப் பாதி தொண்டையில் நின்றுகொண்டது. அதை வெளியே தள்ளுவதா விழுங்குவதா என்று அவள் யோசிப்பதற்குள் சோசம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"என் கர்த்தாவே, மகன் வந்து நின்னிருக்கான். அப்பனைக் கூட்டிட்டுப் போக மகனே வந்து நின்னிருக்கான் பாருங்க."

அறை முழுக்க அழுகை பிடித்துக்கொண்டது. பத்ரோஸ் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். வாசலில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி போனது, அங்கிருந்து ரோட்டுக்குப் போனது. கொஞ்சநேரத்தில் வந்தவர்கள் ஏலியாம்மாவிடமே அதைத் திருப்பிச் சொன்னார்கள். எல்தோ வாசலில் நின்று அப்பச்சா என்று கூப்பிட்டானாம், வர்க்கி கையை நீட்டினாராம். வீட்டில் அவன் பெயர் கொச்சு என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. அழுகிற நேரத்தில் யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்? ஏலியாம்மா உண்மையைத்தான் சொன்னாள். பாதியைச் சொன்னாள், அவ்வளவுதான். இனி வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த மற்ற எல்தோ, வர்க்கியின் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் நின்றிருந்தான். மணி கேட்டதும் வந்துவிட்டான். யாரும் சொல்லாமலே வாசலுக்குத் தார்ப்பாய் கட்டினான், சர்ச்சிலிருந்து பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து போட்டான், பிறகு கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டான். அந்தக் கொட்டகையைத் தாண்டி இந்த வீட்டுக்குள் அவன் காலெடுத்து வைத்ததே இல்லை.

ஜெயிலிலிருந்து வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சுக்கு வந்து கதவோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான். குர்பானைப் பூசை நடுவில் கய்யசூரி நேரம் வந்தது. பூசை செய்கிற அச்சனின் கையிலிருந்து வருகிற சமாதானத்தைக் கைக்குள் கை வைத்து வாங்கி, அடுத்தவர் கைக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். அது வரிசையாக வந்து கடைசி ஆளோடு நின்றுவிடும், கதவோரம் நிற்பவன்வரை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். வர்க்கி வரிசையை விட்டு இறங்கினார். சர்ச்சின் நீளத்துக்கும் நடந்துபோய் அவன் கைகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். அந்தப் பயல் அங்கேயே உட்கார்ந்து அழுதான். பெண்கள் பக்கத்திலிருந்து ஏலியாம்மா அதைப் பார்த்தாள். அவள் கையிலும் அப்போது யாரோ கொடுத்த சமாதானம் இருந்தது. அதை அடுத்தவளுக்குக் கொடுக்காமல் முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "ரெண்டு பேர் பேர்ல இருக்கற நிலத்தை ஒருத்தர் கையெழுத்துப் போட்டு விக்க முடியுமா?"

"முடியாது," என்றார் வர்க்கி.

"அப்ப இன்னைக்கு சர்ச்சுல என் பங்கையும் சேர்த்து நீங்க எப்படிக் கொடுத்துட்டு வந்தீங்க?"

வர்க்கி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஆனால் மறுநாளிலிருந்து எல்தோ கொட்டகைக்கு வேலைக்கு வந்தான். வர்க்கிக்கு உடம்பு முடியாமல் போனதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் கொண்டுவந்ததும் அவன்தான். வண்டி வாசலில் நிற்கும், பத்ரோஸ் வந்து உள்ளேயிருந்து கைத்தாங்கலாக இறக்குவார், வாசல்படியில் எல்தோ வாங்கிக்கொள்வான். சாயங்கால ஜெபத்தில், எங்கள் கடன்காரரை நாங்கள் மன்னிப்பதுபோல என்கிற அந்த வரி வரும்போது ஏலியாம்மாவின் வாய் மூடிக்கொள்ளும். வர்க்கி தனியாக அதைச் சொல்லி முடிப்பார், அடுத்த வரியில் அவள் சேர்ந்துகொள்வாள். ஒருநாளாவது ஏனென்று கேட்டாரா? கேட்கவில்லை. காத்திருப்பது மாதிரி அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

"சேட்டத்தி, வெந்நீர் போடணும்," என்றார் பத்ரோஸ். "நானே குளிப்பாட்டிடறேன். தம்பியும் மகன் மாதிரிதானே. வேற யார் இருக்கா?"

ஏலியாம்மா எழுந்தாள். சோசம்மா தடுத்தாள், "நீ உட்காரு, நான் போடறேன்," என்றாள். ஏலியாம்மா காதில் வாங்கவில்லை. புறவாசல் அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி நீர் நிரப்பினாள். விறகெல்லாம் நனைந்திருந்தது. அவள் ஊதி ஊதிப் புகையில் கண்ணைக் கசக்குவதைப் பார்த்து, எல்தோ கொட்டகையிலிருந்து காய்ந்த ரப்பர் விறகு ஒரு கட்டு கொண்டுவந்து படிக்குக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து போனான். அவள் அதை எடுத்து அடுப்பில் வைத்தாள். அவன் கொண்டுவந்தது என்பதற்காக அவருக்குப் பச்சைத் தண்ணீரா ஊற்ற முடியும்?

அச்சன் வந்தார். சின்ன வயசு, புதிதாக வந்தவர். ஜெபம் சொல்லிவிட்டு, வாசலில் கேட்டது எல்லாவற்றையும் அப்படியே நம்பிக்கொண்டு புறவாசலுக்கு ஏலியாம்மாவைத் தேடி வந்தார். பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மகனே வந்து கூப்பிட்டிருக்கான். இதைவிட என்ன ஆறுதல் வேணும் அம்மச்சி?"

ஏலியாம்மா விறகைத் தள்ளினாள்.

"நான் போற இடத்துலயெல்லாம் உங்களைப் பத்திச் சொல்லுவேன், தெரியுமா? கிறிஸ்துவுக்குப் பின்னால போறதுன்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு, எங்க சர்ச் இடவகையில ஒரு அப்பச்சனும் அம்மச்சியும் இருக்காங்க, போய்ப் பாருங்கம்பேன். சொந்த மகனைக் கொன்னவனை மன்னிச்ச ரெண்டு பேர்."

"ஒரு ஆளு," என்றாள் ஏலியாம்மா.

"என்ன?"

"மன்னிச்சது ஒரு ஆளு. உள்ள கிடக்கறாரு. நான் மன்னிக்கல அச்சா."

அச்சனுக்கு இதற்கெல்லாம் செமினாரியில் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். தொப்பியைச் சரிசெய்தார், குடையை எடுத்தார், திரும்பக் கீழே வைத்தார். "காலம் ஆகும் அம்மச்சி," என்றார்.

"ஆகாது. எனக்குத் தெரியும். தினம் பார்க்கறேனே, கொஞ்சமாவது குறைஞ்சிருக்கான்னு. இல்ல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், புகைதான். "அவருக்கு அது வந்துச்சு. எனக்கு வரல. வராதவ என்ன செய்யணும்னு உங்க புஸ்தகத்துல ஏதாவது இருக்கா?"

அச்சன் பொய் சொல்லவில்லை, அதற்காக அவரைப் பாராட்டலாம். "எனக்குத் தெரியல," என்றார்.

உள்ளே பத்ரோஸ் வாளியைத் தேடிக்கொண்டிருந்தார். சோப்பு எங்கே, புது வேட்டி எங்கே என்று குரல் வந்தது. நீர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சநேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பத்ரோஸ் குளிப்பாட்டுவார், வேட்டி கட்டுவார், பெட்டிக்குள் வைப்பார். முடியலைன்னா வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார் அல்லவா? அனுமதியோடுதான் இருக்கிறாள். அந்த அனுமதிதான் அவளை உட்கார விடவில்லை. கேட்டதைச் செய்யாதவள் என்று அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் நிம்மதியாக அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாவி மனுஷன்," என்று சொல்லிக்கொண்டே எழுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

கொட்டகையில் ஷீட்டுகள் கொடியில் தொங்கின. எல்தோ அவளைக் கண்டதும் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினான். முப்பது தாண்டியிருக்காது, முன்தலை முடி கொட்டிவிட்டது. இவ்வளவு அருகில் அவள் அவனைப் பார்த்தது கோர்ட்டில்தான்.

"வா," என்றாள். "அவரைக் குளிப்பாட்டணும்."

அவன் புரியாமல் வீட்டைப் பார்த்தான். "பத்ரோஸ் சேட்டன் இருக்காரே அம்மச்சி."

"உன்னைத்தான் சொன்னாரு. எல்தோவைக் கூப்பிடு, அவன் குளிப்பாட்டட்டும்னு."

"அது மகனைச் சொல்லியிருப்பாரு. எல்லாரும் சொன்னாங்களே."

"எல்லாருக்கும் என்ன தெரியும்? அவனை நாங்க கொச்சுன்னுதான் கூப்பிடுவோம்."

எல்தோ தலையை ஆட்டினான், வேண்டாம் என்பது போல. "என்னால முடியாது அம்மச்சி. நான் அவரைத் தொட்டு... எனக்கு அந்த யோக்கியதை இல்ல."

"யோக்கியதையா? யார்டா உன்கிட்ட யோக்கியதை கேட்டா?" அவள் குரல் உயர்ந்தது, வாசலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை இறக்கினாள், ஆனால் நிறுத்தவில்லை. "நல்லாக் கேட்டுக்க. நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. இல்ல. எம் பிள்ளையை ஆஸ்பத்திரியில அறுத்துத் தைச்சு வெள்ளைத் துணியில சுத்திக் கொடுத்தாங்க. குளிப்பாட்டணும்னேன், பிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. தலையில மண்ணு, முடியெல்லாம் மண்ணு, அப்படியே பெட்டிக்குள்ள வச்சாங்க. பெத்தவ ஒரு செம்பு தண்ணி ஊத்தல. அது உன்னாலதான். சாகற வரைக்கும் அது உன்னாலதான்."

எல்தோ நின்ற இடத்திலேயே மெஷினைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா அவரு கேட்டது இது ஒண்ணுதான்," என்றாள் ஏலியாம்மா. "அவரு கேட்டாரு, நான் சொல்லிட்டேன். என் வேலை முடிஞ்சுது. வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

திரும்பி நடந்தாள். பின்னால் சேற்றில் செருப்புச் சத்தம் கேட்டது. புறவாசல் படியில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, எந்தக் காலை முதலில் வைப்பதென்று தெரியாதவனாக நின்றான். உள்ளேயிருந்து வந்த பத்ரோஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சேட்டத்தி இது?"

"அவன் குளிப்பாட்டட்டும். நீங்க கூடப் பிடிச்சுக்கங்க."

"இவனா? ஊர் என்ன பேசும்?" பத்ரோஸ் குரலைத் தாழ்த்தினார். "கட்டிலைத் தூக்கச் சொல்லுங்க, குழி வெட்டச் சொல்லுங்க, நான் எதுவும் சொல்லல. இது மகன் செய்யற காரியம்."

"உங்க அண்ணன் சொன்னதுதான்."

"அவரு சொன்னது நம்ம எல்தோவை..."

"உங்க அண்ணன் எம் பிள்ளையை எல்தோன்னு கூப்பிட்டு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

பத்ரோஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு அண்ணன் வீட்டின் பழைய நாட்களெல்லாம் அவர் முகத்தில் ஓடுவது தெரிந்தது. கொச்சு, சாப்பிட வா. கொச்சு, பசுவை அவிழ்த்துக் கட்டு. அவர் கதவை விட்டு ஒதுங்கினார். எல்தோ தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். சோசம்மா எதையோ சொல்லத் தொடங்கினாள், அச்சன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

அறைக் கதவு சாத்தப்பட்டது. ஏலியாம்மா அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பத்ரோஸ் வந்து வெந்நீர் எடுத்துப் போனார், மறுபடியும் வந்தார். உள்ளேயிருந்து வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வாளியில் சொம்பு முங்குகிற சத்தமும், அதோடு ஒரு பேச்சுக் குரலும் கேட்டன.

"யார்கிட்ட பேசறான்?" என்று கேட்டாள், மூன்றாம் முறை வந்த பத்ரோஸிடம்.

"சேட்டன்கிட்டதான்." பத்ரோஸ் வாளியைக் கீழே வைத்தார். "கையைத் தூக்கறேன் அப்பச்சா, கொஞ்சம் திருப்பறேன் அப்பச்சாங்கறான். ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக் கேட்டுச் செய்யறான்."

ஏலியாம்மா தலையை ஆட்டினாள். "இடது காதுல தண்ணி போகாமப் பார்த்துக்கச் சொல்லுங்க," என்றாள். "சீழ் வைக்கும் அவருக்கு."

பத்ரோஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "சொல்றேன்," என்று போனார்.

மழை மறுபடியும் பிடித்தது. முன்வாசலில் பெண்கள் துக்கப்பாட்டு ஆரம்பித்திருந்தார்கள், சோசம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அச்சன் பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லுகிற எண்ணத்தை விட்டுவிட்டவர், நனைந்த விறகுகளை எடுத்து அடுப்போரம் காயவைத்துக்கொண்டிருந்தார். ஏலியாம்மா அண்டாவில் நீர் பாதிக்குக் கீழே போனதைப் பார்த்தாள். கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் இறைத்துக்கொண்டுவந்து ஊற்றி, தீயைத் தள்ளிவிட்டாள்.

கதவு திறந்தது. வேட்டி கட்டி, தலை சீவி, வர்க்கியை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போகிற காலடிகள் கேட்டன. எல்தோ காலி வாளியோடு வெளியே வந்து, தொப்பலாக நனைந்த சட்டையோடு படியில் நின்றான்.

"முடிஞ்சுது சேட்டத்தி," என்றார் பத்ரோஸ், அவனுக்குப் பின்னாலிருந்து. "வெந்நீர் போதும், தீயை இழுத்துடுங்க."

ஏலியாம்மா கேட்டதாகத் தெரியவில்லை. படியில் நனைந்து நிற்பவனை ஒருமுறை பார்த்தாள், விரலை நீரில் விட்டுச் சூடு பார்த்தாள். இன்னும் ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் வைத்து, குனிந்து ஊதினாள்.